தானாக வந்த ஜூன் மாதம்

நான் சந்தேகப் பிராணி. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது நல்லது. கோயிலில் கொடுக்கிற சுண்டலைக்கூடக் கையில் ஒரு முறை உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவேன். பஸ்ஸில் யாராவது எழுந்து இடம் கொடுத்தால், சீட்டு ஈரமாக இருக்கிறதா என்று முதலில் தடவிப் பார்ப்பேன். "தாலி கட்டும்போதே அது தங்கந்தானானு உரசிப் பார்ப்பா இவ" என்று என் அம்மா வருகிறவர் போகிறவரிடம் எல்லாம் சொல்லிச் சிரிப்பாள்.

சிரிக்கட்டும். ஆவடியில் நாங்கள் குடியிருந்த இடத்தைப் பார்த்தால் யாருக்கும் இந்தக் குணம் வந்துவிடும். எங்கள் வரிசை வீடுகளுக்கு எதிரே ஒரு நீளமான மதில். மதிலுக்கு அந்தப் பக்கம் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸ். அங்கே இருந்தவர்கள் பர்மனென்ட். இந்தப் பக்கம் இருந்த நாங்கள் யாரும் எதிலும் பர்மனென்ட் இல்லை. என் நைனா பெயின்டர். அந்தக் குவார்ட்டர்ஸ் சுவர்களுக்கு வருடா வருடம் சுண்ணாம்பு அடித்தவர். "அடுத்த வருசம் உன்ன உள்ள எடுத்துக்குவாங்க" என்று கான்ட்ராக்டர் ஒவ்வொரு பொங்கலுக்கும் சொல்வான். நைனா அதை நம்பி அவனுக்குக் கரும்பு வாங்கிக் கொடுப்பார். தலை நரைத்து, ஏணி ஏற முடியாமல் போகிறவரை கரும்பு கொடுத்துக்கொண்டேயிருந்தார். கையில் காகிதம் இல்லாத வாக்குறுதி சுண்ணாம்பு மாதிரி, ஒரு மழைக்குத் தாங்காது என்று நான் அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

தொண்ணூறுகளின் நடுவில், அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு சின்னக் கம்பெனியில் வேலை கிடைத்தது. மின்சாரப் பெட்டிகளுக்குள் போகிற காயில்களைச் சுற்றுகிற வேலை. தலைமுடி மாதிரி மெல்லிய செம்புக் கம்பி. ஒரு சுற்று பிசகினால் முழுக் காயிலையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். பெஞ்ச் பெஞ்சாகப் பெண்கள்தான் உட்கார்ந்திருப்போம். ஆண்களுக்குப் பொறுமை இல்லையாம். பொறுமைக்கு என்ன மரியாதை என்று கேட்டால், ஏழு மாதம்.

அந்த ஏழு மாதத்தைச் சொல்ல வேண்டும். ஒருத்தி ஒரு கம்பெனியில் இடைவிடாமல் இருநூற்று நாற்பது நாள் வேலை பார்த்துவிட்டால் அவளை நினைத்தபோது அனுப்ப முடியாது, பர்மனென்ட் கேட்க அவளுக்கு வாய் வந்துவிடும் என்பது எஸ்டேட் முழுக்கத் தெரிந்த விஷயம். ஞாயிற்றுக்கிழமை கணக்கில் சேருமா சேராதா என்று டீக்கடையில் ஆளுக்கொரு சட்டம் பேசுவார்கள். அந்தத் தலைவலியே வேண்டாம் என்று கம்பெனிகள் ஏழு மாதத்துக்கு மட்டும் கடிதம் கொடுக்கும். ஏழு மாதம் முடிந்ததும் "பிரேக்". இரண்டு மூன்று வாரம் வீட்டில் இருந்துவிட்டுத் திரும்பி வந்தால் புதுக் கடிதம், புது டோக்கன் நம்பர். ஒரே பெஞ்சில் ஒரே காயிலைச் சுற்றிக்கொண்டு நாங்கள் திரும்பத் திரும்பப் புதிதாகச் சேர்ந்துகொண்டிருப்போம். என் பக்கத்து பெஞ்சில் இருந்த அக்கா, ஆவடி மாதா கோயில் பக்கத்துக்காரர், அப்படி எத்தனை முறை புதிதாகச் சேர்ந்தார் என்று அவருக்கே நினைவில்லை. பிரேக்குக்கு முந்தின நாள் எல்லோருக்கும் போண்டா வாங்கிக் கொடுப்பது எங்களுக்குள் ஒரு வழக்கம். வேலை போகிறவள் போண்டா வாங்கித் தருகிற ஊர் வேறெங்காவது உண்டா, தெரியவில்லை.

நான் மூன்று முறை போண்டா வாங்கிவிட்டேன். நான்காவது முறை வாங்குவதில்லை என்று மனதுக்குள் ஒரு வைராக்கியம் இருந்தது. எனக்கு ஒரே ஒரு ஆசைதான். மதிலுக்கு இந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தியாவது பர்மனென்ட் ஆக வேண்டும், அதை நைனா கண்ணால் பார்க்க வேண்டும்.

அதுவரை கடிதங்களை அடித்தவர் ஆபீஸ் கிளார்க். மேசையில் டைப்ரைட்டர், சுவரில் தினசரி காலண்டர். நாளை விரல் விட்டு எண்ணி, முடிகிற தேதியைப் போடுவார். ஒரு முறை எண்ணிக்கையில் தவறி யாருக்கோ ஒன்பதாவது மாதத்துத் தேதியைப் போட்டுவிட்டாராம். நல்லவேளையாக, யாருக்கு நல்லவேளை என்று கேட்கக் கூடாது, மேனேஜர் கையெழுத்துப் போடும்போது பார்த்துவிட்டார். அன்றைக்கு ஆபீஸில் போட்ட சத்தம் காயில் செக்ஷன் வரை கேட்டது. அடுத்த சில மாதங்களில் கம்ப்யூட்டர் வந்தது.

அதற்கென்று கண்ணாடித் தடுப்பு வைத்த ஏசி அறை. செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். எங்கள் ஊர் அம்மன் கோயிலில்கூட இவ்வளவு கறார் கிடையாது. கூடவே ஒரு பெண்ணும் வந்தாள். பூந்தமல்லியிலிருந்து வருவாள். அவளுடைய அத்தா அங்கே தையல் கடை வைத்திருந்தார். இன்ஸ்டிட்யூட்டில் படித்துச் சான்றிதழ் வாங்கியவள். தலையில் துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு, கையில் ஒரு சாப்பாட்டுக் கூடையோடு நேராக ஏசி அறைக்குள் போய்விடுவாள். மதியம் எங்களோடு சாப்பிட மாட்டாள், ஆபீஸ்காரர்களோடுதான். ஆபீஸ் என்றால் பர்மனென்ட், பர்மனென்ட் என்றால் கம்பெனி ஆள், கம்பெனி ஆள் என்றால் உளவு. எனக்குக் கணக்கு சுலபமாக முடிந்துவிட்டது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தால் நான் என் பின்னால் யார் நிற்கிறார்கள் என்று திரும்பிப் பார்ப்பேன்.

அந்த ஜூலையில் என் நான்காவது கடிதம் கம்ப்யூட்டரிலிருந்து வந்தது. அதைக் கொடுக்கும்போது கிளார்க், ஏதோ அவரே பெற்ற பிள்ளை மாதிரி அந்த மெஷினைப் பற்றிப் பேசினார்.

"இனிமே நான் நாள் எண்ண வேணாம்மா. மேல இன்னைக்குத் தேதி தானா வந்துரும். அதுலேருந்து ஏழு மாசம் தள்ளி கீழ முடியற தேதியும் தானா வந்துரும். பேரை மட்டும் அடிச்சாப் போதும். தப்பே வராது."

தப்பே வராது என்று யாராவது சொன்னால் எனக்கு உடனே கை அரிக்கும். வீட்டுக்குப் போய்க் காலண்டரில் எண்ணினேன். ஜூலை ஆரம்பத்திலிருந்து ஜனவரி கடைசி. சரியாகத்தான் இருந்தது. கடிதம் ஆங்கிலத்தில் இருந்தது. எனக்கு அதில் புரிந்தது என் பெயர், நடுவில் நான் சேர்ந்த தேதி, மேலும் கீழும் இருந்த இரண்டு தேதிகள், அப்புறம் "டெம்பரரி" என்ற சொல். அது மட்டும் மூன்று இடத்தில் இருந்தது.

நவம்பரில் அடைமழை. எங்கள் ஓட்டு வீடு ஒழுகி, டிரங்குப் பெட்டிக்குள் தண்ணீர் போய், கடிதம் கூழாகிவிட்டது. வேறு யாராக இருந்தாலும் போகட்டும் என்று விட்டிருப்பார்கள். ஜனவரியில் முடியப்போகிற வேலைக்கு நவம்பரில் கடிதம் எதற்கு? எனக்குத் தூக்கம் வரவில்லை. கையில் காகிதம் இல்லை என்று தெரிந்தால் நாளைக்கே "நீ யாரும்மா?" என்று கேட்பார்கள் என்று தோன்றியது. மறுநாள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏசி அறை வாசலில் போய் நின்றேன்.

"என் லெட்டர் மழையில பூட்ச்சும்மா. இன்னொரு காப்பி ஓணும்."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். "காப்பியா? யாரும் இதுவரைக்கும் கேட்டதில்லையேக்கா" என்றாள். பிறகு விசைப்பலகையில் எதையோ தட்டினாள். பிரின்டர் கறகறவென்று இழுத்துக் காகிதத்தைத் துப்பியது. மேனேஜர் மதியம் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் நீட்டுகிற காகிதத்தில் எல்லாம் கையெழுத்துப் போடுவார். அன்றைக்கும் போட்டார். முத்திரையும் விழுந்தது.

சாயங்காலம் பட்டரவாக்கம் ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது அதைப் பிரித்துப் பார்த்தேன். நான் சேர்ந்த தேதி நடுவில் அப்படியே ஜூலையில் இருந்தது. மேலே இருந்த தேதி மட்டும் அன்றைய தேதி, நவம்பர் கடைசி. கீழே வேலை முடிகிற தேதி ஜூன் கடைசி. ஜூலையில் சேர்ந்தவள் அடுத்த ஜூன் வரை வேலை பார்க்கலாம் என்று மேனேஜர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளை எல்லாம் கழித்தாலும் இருநூற்று நாற்பது தாண்டிவிடும்.

வேறொருத்தி என்றால் குதித்திருப்பாள். நான் காகிதத்தைத் திருப்பி, பின்பக்கத்தில் ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பார்த்தேன். ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதை எனக்குத் தெரியாதா? இது ஏதோ பொறி. கடிதத்தைத் திருத்தினாள் என்று பழி போட்டுத் துரத்தப் பார்க்கிறார்களா? அல்லது மேனேஜர் மனதில் வேறு ஏதாவது இருந்து, அதற்கு இது முன்பணமா? அல்லது அந்தப் பூந்தமல்லிப் பெண்ணுக்கு என் மேல் என்ன கோபம்? ரயில் ஒன்று வந்து போனதுகூடத் தெரியாமல் நின்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் பக்கத்து பெஞ்ச் அக்காவிடம் மட்டும் காட்டினேன். அவர் படித்துப் பார்த்து, சிலுவை போட்டுக்கொண்டார்.

"ஏசப்பா குட்த்ததுனு நென்ச்சிக்கினு கம்முனு கெட."

"ஏசப்பா கையெழுத்தா கீது இதுல? மேனேஜர் கையெழுத்துக்கா. அதான் பேஜாரா கீது."

"அடிப்பாவி, சாமி குட்த்தாலும் ரசீது கேப்பியாடி நீ?"

கடிதத்தைப் பால் கவரில் சுற்றி அரிசி டின்னின் அடியில் வைத்தேன். டிசம்பர் முழுவதும் அரிசி அளக்கும்போதெல்லாம் கையை உள்ளே விட்டு அது இருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தேன். நைனாவிடம் சொல்லவில்லை. அவர் நம்பிவிடுவார். நம்பி ஏமாறுகிறதில் அவருக்குப் போதுமான அனுபவம் ஆகிவிட்டது.

ஒரு நாள் கம்பெனி கேட்டில் அந்தப் பெண் என்னோடு சேர்ந்து நடந்தாள். "லெட்டரைப் பத்திரமா வெச்சிருக்கீங்களாக்கா? இந்தத் தடவை நனையாம பாத்துக்கங்க" என்றாள். விசாரிக்கிறாளா, எச்சரிக்கிறாளா, போய்ச் சொல்லப் போகிறாளா? "இன்னா லெட்டரு?" என்று கேட்டுவிட்டு வேகமாக நடந்தேன். பின்னால் அவள் சிரிக்கிற சத்தம் கேட்டது. சோழியன் குடுமி சும்மா ஆடாது என்று நினைத்துக்கொண்டேன்.

ஜனவரி கடைசி நாள் வந்தது. கிளார்க் கையில் பட்டியலோடு பெஞ்ச் பெஞ்சாக வந்தார். என்னிடம் வந்து, "போண்டா எங்கம்மா? நாளைலேருந்து ரெஸ்ட்டு உனக்கு" என்றார்.

"எனக்கு ஜூன் வரைக்கும் கீது சார்."

அவர் சிரித்தார். நான் ஜாக்கெட்டுக்குள்ளிருந்து பால் கவரை எடுத்துப் பிரித்துக் காட்டினேன். சிரிப்பு நின்றது.

மேனேஜர் அறையில் என் கடிதத்தையும் ஃபைலில் இருந்த பழைய நகலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். ஒன்றில் ஜனவரி, ஒன்றில் ஜூன். இரண்டிலும் அதே கையெழுத்து. மேனேஜர் என் கடிதத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், நகத்தால் சுரண்டிப் பார்த்தார். எனக்கு அந்த நிமிடத்தில் அவர் மேல் ஒரு பாசமே வந்துவிட்டது. நானும் அப்படித்தான் பார்த்திருந்தேன்.

"யாரும்மா இதை மாத்தினது?"

"நான் மாத்தல சார். உங்க மிஷின்தான் குட்த்துது."

எல்லோரும் ஏசி அறைக்குப் போனோம். என்னைச் செருப்போடு உள்ளே விட்டது அன்று ஒரு நாள்தான். அந்தப் பெண் மெஷினில் என் கடிதத்தைத் திறந்தாள். திரையில் என் பெயர் வந்தது. மேலே தேதி, அன்றைய தேதி. ஜனவரி கடைசி. கீழே வேலை முடிகிற தேதி, ஆகஸ்ட் கடைசி. எங்கள் கண் முன்னாலேயே என் வேலை இன்னும் இரண்டு மாதம் நீண்டிருந்தது. கிளார்க் "அம்மாடி" என்றார்.

"இது என்ன கூத்து?" என்றார் மேனேஜர்.

"சார், நீங்கதான் அன்னன்னைக்குத் தேதி தானா வரணும்னு சொன்னீங்க. எப்ப திறந்தாலும் அன்னைக்குத் தேதிதான் வரும். அதுலேருந்துதான் ஏழு மாசம் கூட்டும்." அவள் திரும்பி என்னைப் பார்க்கவேயில்லை.

"நீங்க ரெண்டு பேரும் ஒண்ணா வர்றவங்களா?"

"அவ பூந்தமல்லி சார், நான் ஆவடி. அவ பஸ்ஸு, நான் ரயிலு" என்றேன். வாழ்நாளில் முதல் முறையாக என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி ஒருவரைப் பார்த்தேன்.

அவர் என் கடிதத்தை மேசையில் போட்டு, "இது தப்பா வந்த லெட்டர். செல்லாது. உனக்கு ஜனவரியோட முடியுது" என்றார்.

எனக்கு எங்கிருந்து வாய் வந்தது என்று தெரியவில்லை. அரிசி டின்னுக்குள் இரண்டு மாதமாகக் கையை விட்டு விட்டு ஊறியிருந்த வாய்.

"ஜூன் வரைக்கும் இருந்தா இன்னா சார் தப்பு? வேலை இல்லியா? காயிலு மலையா குமிஞ்சி கெடக்குது. நான் சுத்தறது சரியில்லியா? ஏன் சார் கரெக்டா ஏழு மாசம்? ஏன் எட்டு இல்ல?"

அந்த "ஏன்"னுக்குப் பதில் அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே கழுத்தை நீட்டிக்கொண்டிருந்த காயில் செக்ஷன் முழுவதற்கும் தெரியும். அதைத் தன் வாயால் சொல்ல முடியாதவர் ஒரே ஒருவர்தான். சொன்னால், இத்தனை வருடம் கொடுத்த அத்தனை கடிதத்துக்கும் அவரே சாட்சி. கிளார்க் கூரையை அண்ணாந்து பார்த்தார். மேனேஜர் என் கடிதத்தை எடுத்து என்னிடமே நீட்டினார்.

"போ. போய் வேலையப் பாரு."

போய் உட்கார்ந்து சுற்றினேன். அன்று இரண்டு காயில் வீணானது. பக்கத்து பெஞ்ச் அக்கா தன் காசில் எனக்குப் போண்டா வாங்கிக் கொடுத்தார். அதையும் பிட்டுப் பார்த்துவிட்டுத்தான் தின்றேன். பிப்ரவரி போனது, மார்ச் போனது. ஒவ்வொரு நாளும் கேட்டில் டோக்கன் போடும்போது இன்று நிறுத்துவார்கள் என்று எதிர்பார்த்தேன். இருநூற்று நாற்பது எந்த நாளில் தாண்டியது என்றுகூடத் தெரியாது, மணியா அடிக்கும்? ஏதோ வக்கீல் வந்து ஃபைலைப் பார்த்துவிட்டு, வம்பு வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனதாகக் கேள்வி. அடுத்த வருடம் பர்மனென்ட் ஆர்டர் கையில் வந்தது. நைனாவுக்கு அப்போது ஒரு கண்ணில் புரை. கடிதத்தை முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். "அந்தப் பக்கத்து ஆளுங்க மாரி ஆயிட்டியா?" என்று கேட்டுவிட்டு, மதிலைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். அழுதாரா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. சில இடங்களில் எனக்கும் சோதித்துப் பார்க்கப் பிடிக்காது.

அந்தப் பெண் மட்டும் அந்தப் பிப்ரவரிக்குப் பிறகு கம்பெனிக்கு வரவில்லை. கல்யாணம் ஆகிப் போய்விட்டாள் என்றார் கிளார்க். நான் நம்பவில்லை. எங்கள் கடிதங்கள் திரும்பவும் டைப்ரைட்டருக்கே போய்விட்டன.

தொண்ணூறுகளின் கடைசியில், நைனாவின் கண் ஆபரேஷனுக்கு லீவு கேட்டு ஒரு விண்ணப்பம் அடிக்க வேண்டியிருந்தது. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில், ஜெராக்ஸ் கடை ஒன்றுக்குள் ஒரு கம்ப்யூட்டர் இருந்தது. அதன் முன்னால் அவள்தான் உட்கார்ந்திருந்தாள். கொஞ்சம் பருத்திருந்தாள். என்னைப் பார்த்ததும் அதே சிரிப்பு. இந்த முறை நான் பின்னால் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் விண்ணப்பத்தை அடித்தாள். மேலே தேதி தானாக வந்து நின்றது. உடனே அவள் இரண்டு மூன்று விசைகளைச் சேர்த்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

"இன்னா பண்ண இப்போ?"

"தேதியை நிறுத்திட்டேன்கா. இல்லன்னா நாளைக்குத் திறந்தா நாளைக்குத் தேதி வந்துரும்."

என் பழைய புத்தி நிமிர்ந்து உட்கார்ந்தது. "இது உனக்கு எப்போலேருந்து தெரியும்?"

"இன்ஸ்டிட்யூட்லேயே சொல்லிக் குடுத்தாங்களே."

"அப்போ கம்பெனியில ஏன் நிறுத்தல?"

அவள் பிரின்டரில் காகிதத்தைச் சரி செய்தாள். "யாரும் நிறுத்தச் சொல்லலையேக்கா. யாராவது வந்து காப்பி கேட்டா நல்லா இருக்குமேனு உக்காந்துட்டிருந்தேன். அத்தனை பேர்ல நீங்க ஒருத்தர்தான் வந்தீங்க."

கேட்காமல் இருந்திருக்கலாம். ஆனால் நான் நான்தானே.

"நீயும் டெம்பரரியா?"

"முதல் மாசம் டிரெயினிங், அப்புறம் ஏழு மாசம்தான்கா. பிப்ரவரியோட முடிஞ்சுது."

"அப்போ உன் லெட்டரையும் இன்னொரு காப்பி எடுத்துக்க வேண்டியதுதானே?"

"என் லெட்டர் கம்ப்யூட்டர்ல இல்லையேக்கா" என்றாள். "அதை மட்டும் டைப்ரைட்டர்ல அடிச்சுக் குடுத்தாங்க."